பச்சை விளக்கு எரிந்தால் யாரோ பேசுகிறார்கள்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். கடைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் இரண்டு பேரும் ஒரு நிமிட வீடியோவையே பாதியில் தள்ளிவிடுகிற ஆட்கள், இதையா படிக்கப் போகிறீர்கள் என்று நினைத்தேன். உங்களைக் கிண்டல் பண்ண எனக்கும் தகுதி இல்லை. நான் பாலிடெக்னிக்கையே பாதியில் தள்ளிவிட்டவன். ஆனால் கடையை விட்டு லிஃப்ட் கம்பெனிக்குக் கிளம்பிய அன்று, என் மேசைக்கு என் கண் முன்னாலேயே குடிவந்த நீளமுடித் தம்பி ஒரு வாக்கிடாக்கி செட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"அண்ணா, இது ஹாம்காரர் செட்டு. இதுக்கு டோன் போடணுமா, வேணாமா?"

"போடலாம்," என்றேன். "போடாமலும் இருக்கலாம்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அண்ணன் என்ற மரியாதை பாதி போய்விட்டது. மீதி பாதியைக் காப்பாற்றத்தான் இதை எழுதுகிறேன். இருபத்தாறு வயதில் ரிட்டயராகி அறிவுரை சொல்கிற ஆள் தாம்பரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சிரிக்காமல் படியுங்கள்.

முதலில் டோன் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். நான் சேர்ந்த புதிதில் இராஜகீழ்ப்பாக்கத்தில் பக்கத்துப் பக்கத்து இரண்டு அபார்ட்மெண்டுக்கு நம் கடைதான் வாக்கிடாக்கி கொடுத்தது. இரண்டுக்கும் ஒரே அலைவரிசை. இந்த அபார்ட்மெண்டில் செகரெட்டரி "கேட்டைத் திற" என்றால் அந்த அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் போய்க் கேட்டைத் திறப்பார். ஒரு நாள் அப்படித் திறந்த கேட்டில் ஒரு எருமை உள்ளே போய் நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. முதலாளி என்னை அனுப்பினார். நான் ஒவ்வொரு அபார்ட்மெண்ட் செட்டுக்கும் தனித்தனி டோன் போட்டேன். டோன் என்பது பேச்சோடு சேர்ந்து போகிற, நம் காதுக்குக் கேட்காத ஒரு சின்ன முனகல். அந்த முனகல் சேர்ந்து வந்தால்தான் செட் வாயைத் திறக்கும். வராவிட்டால் அடுத்தவர் தொண்டை கிழியக் கத்தினாலும் நம் செட் சத்தம் போடாது. எருமைப் பிரச்சினை தீர்ந்தது. அன்றிலிருந்து எந்த செட் மேசைக்கு வந்தாலும் என் கை தானாக டோன் போடப் போகும். அபார்ட்மெண்ட், கல்யாண மண்டபம், பொத்தேரி பக்கம் ஹாஸ்டல், கட்டட வேலை, எல்லாருக்கும் வேண்டியது ஒன்றுதான். தன் ஆட்கள் பேசுவது கேட்க வேண்டும், மற்றவன் பேசுவது கேட்கக் கூடாது.

ஹாம்காரர்கள் வேறு சாதி. பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, தனக்கென்று ஒரு கால்சைனும், அதாவது ரேடியோவில் சொல்கிற அடையாளப் பேரும் வாங்கி, ஒரு பைசா லாபம் இல்லாமல் ரேடியோவில் பேசுகிறவர்கள். அவர்களுக்கு என்று தனி அலைவரிசைகள் உண்டு. நம் கடையில் வாடகைக்கு அடிபட்டுத் தேய்ந்த பழைய செட்டுகள் என்றால் அவர்களுக்கு உயிர். மாடியிலிருந்து விழுந்தாலும் பேசும், மழையில் நனைந்தாலும் பேசும், பேட்டரி நிற்கும். ஒரே குறை, அதில் நம்பர் அமுக்க ஒன்றும் இல்லை. மேலே ஒரு சேனல் திருகு மட்டும்தான். கம்ப்யூட்டரில் மாட்டி அவர்கள் அலைவரிசையை உள்ளே ஏற்றித் தர வேண்டும். அதற்குத்தான் நம்மிடம் வருவார்கள்.

அப்படி வந்தவர்தான் டீச்சர். இராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு, பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவர், ஹாம் லைசென்ஸ் வைத்திருப்பவர். மழைக்காலத்தில் உதவிக்குப் போவதற்காகத் தன் குழுவுக்கு ஆறு செட் வாங்கினார். கொடுக்கும்போது நான் சும்மா இருக்காமல், "மேடம், இதுல எஃப்எம் பாட்டு வராது, அப்புறம் கடைக்கு வந்து சண்ட போடக் கூடாது" என்றேன். கணக்கு டீச்சர் எப்படிப் பார்ப்பார்களோ அப்படிப் பார்த்தார். ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு கிண்டல், ஒவ்வொரு முறையும் அதே பார்வை. எனக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது.

கொஞ்ச நாளில் ஆறு செட்டையும் பையில் போட்டுக்கொண்டு திரும்ப வந்தார்.

"தம்பி, வீட்ல வெச்சா நாள் முழுக்க இரையுது. இன்வெர்ட்டர் போட்டா இரையுது, தெருவிளக்கு எரிஞ்சா இரையுது. யாராவது பேசினா பரவாயில்ல, யாருமே பேசாதப்பவும் கர்ர்ருனு. தலைவலிக்குது. இதுக்கு ஒரு வழி பண்ணுங்க."

எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். போட்டேன். பேசுவதற்கும் டோன், கேட்பதற்கும் டோன். ஆறு செட்டுக்கும்.

"இனிமே உங்க ஆளுங்க பேசினா மட்டும்தான் கேக்கும் மேடம்."

"அதான் வேணும்," என்றார். அடுத்த வாரம் போன் பண்ணி, "வீடு கோயில் மாதிரி அமைதியா இருக்கு" என்று பாராட்டினார்.

நான் சொல்லாமல் செய்யவில்லை, அவர் கேட்காமல் வாங்கவில்லை. இது முக்கியம், நினைவில் வையுங்கள். ஏனென்றால் இதற்குப் பிறகு யார் மேல் தப்பு என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அப்புறம் அந்த மழை வந்தது. ஏரி எல்லாம் நிரம்பி, அடையாற்றில் தண்ணீர் ஏறி, முதலாளி முடிச்சூரில் தன் வீட்டு மாடியில் மாட்டிக்கொண்டார். நானும், நம் கடையில் வாடகை செட் கணக்குப் பார்க்கிற சேவியரும் மட்டும் கடைக்கு வந்தோம். வேலை செய்ய இல்லை. வீட்டில் கரண்ட் கிடையாது, கடை முதல் மாடி, பேட்டரி இருக்கிறது, போனுக்குச் சார்ஜ் போடலாம் என்று. சார்ஜ் ஏறியது, சிக்னல் ஏறவில்லை.

டீச்சர் குழு பம்மலில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தது. தீயணைப்புக்காரர்களின் போட்டும் அங்கேதான் நின்றது. எங்கே ஆள் மாட்டியிருக்கிறார்கள் என்று ரேடியோவில் தகவல் வர வர, போட்டை அந்தப் பக்கம் அனுப்புவது ஏற்பாடு. ஐந்து செட் அவர்களிடம். ஆறாவது செட் சார்ஜ் ஏறவில்லை என்று என் மேசையில் கிடந்தது. அதைச் சரிபண்ணி, மாடி ஆன்டெனாவின் கேபிளை மாட்டி, ஆன் பண்ணி வைத்தேன்.

டீச்சர் குரல் கணீரென்று வந்தது. "டீ வந்துடுச்சு. பால் பவுடர் பத்தாது. ஓவர்."

"நமக்கும் ஒரு கிளாஸ் சொல்லு மச்சான்," என்றார் சேவியர்.

அந்த செட்டில் தலைப்பக்கம் சின்னதாக ஒரு விளக்கு உண்டு. நாம் பேசினால் சிவப்பு, அடுத்தவர் பேசினால் பச்சை. டீச்சர் பேசி முடித்ததும் பச்சை அணைந்தது. உடனே மறுபடி எரிந்தது. ஆனால் சத்தம் இல்லை.

"ஸ்பீக்கர் பூட்ச்சா?" என்றார் சேவியர்.

"இப்பதானடா டீச்சர் பேசுனாங்க, நல்லா கேட்டுச்சே."

பச்சை அணைந்தது. கொஞ்ச நேரம் விட்டு எரிந்தது. மறுபடி அணைந்தது. சத்தமே இல்லை. செட்டைத் தட்டினேன். கேபிளைக் கழற்றி மாட்டினேன். நடுவில் டீச்சர் ஒரு முறை பேசினார், தெளிவாகக் கேட்டது. அவர் நிறுத்தியதும் மறுபடி அந்த ஊமைப் பச்சை.

"பேய் கீதுடா இதுல. குடுத்துட்டு வா," என்றார் சேவியர்.

பேய் என்றால் விட்டுவிட்டிருப்பேன். ஆனால் அந்த விளக்கு எரிந்து அணைந்த விதம் எனக்கு என்னவோ போல் இருந்தது. கொஞ்சம் எரியும், நிற்கும், பதிலுக்குக் காத்திருப்பதுபோல் இருக்கும், மறுபடி எரியும். மனிதர்கள் பேசுவது அப்படித்தான் இருக்கும். பேசுகிற பட்டனுக்குக் கீழே ஒரு சின்னப் பட்டன் இருக்கிறதே, அதை அமுக்கினேன். அதை அமுக்கிப் பிடித்தால் செட் டோன் பார்க்காது. வருவதையெல்லாம் திறந்துவிடும்.

இரைச்சலோடு இரைச்சலாக ஒரு ஆண் குரல்.

"...அனகாபுத்தூர்லேருந்து ரமேஷ். டீச்சர், கேக்குதா? யாருக்காச்சும் கேக்குதா? வைஃபுக்கு வலி எடுத்துடுச்சு. கீழ் வீடு முழுக்கத் தண்ணி, மாடியில இருக்கோம். போட் வேணும். நீங்க பேசறது எல்லாம் எனக்குக் கேக்குது. டீ வந்துச்சு, பால் பவுடர் இல்லனு பேசறீங்க. எனக்கு ஏன் பதில் சொல்ல மாட்றீங்க? ஓவர்."

சேவியர் உட்கார்ந்திருந்தவர் எழுந்துவிட்டார். டீச்சருக்குப் பழக்கமான ஹாம்காரர் போலிருக்கிறது. ரமேஷிடம் இருப்பது நம் கடை செட் இல்லை. எங்கேயோ வாங்கிய சின்ன செட். அதில் டோன் இல்லை. அதனால் அவருக்கு எல்லாம் கேட்கும். அவர் பேசுவது டீச்சர் குழுவில் ஒருவருக்கும் கேட்காது. வீடு கோயில் மாதிரி அமைதியாக இருக்கிறது.

பட்டனிலிருந்து கையை எடுத்தேன். டீச்சர் பேசினார்.

"எல்லாருக்கும். அனகாபுத்தூர் பக்கம் இதுவரைக்கும் ஒரு தகவலும் இல்ல, நல்லது. போட்டை வேற பக்கம் அனுப்பலாமானு கேக்கறாங்க. நான் சரினு சொல்லப் போறேன். ஓவர்."

"டேய்," என்றார் சேவியர். "சொல்லுடா அவங்களுக்கு!"

"எப்டிடா சொல்றது? போன் போகல."

"நான் பைக்ல போய்ச் சொல்லிட்டு வரேன்."

"உன் பைக் இன்னா போட்டா? சப்வேல கழுத்து வரைக்கும் தண்ணி."

"அப்ப இதுல பேசு. கையில வெச்சிக்கினு தான நிக்குற!"

முதலாளி தன் முதல் சட்டத்தை உங்களுக்கும் சொல்லியிருப்பார். ஹாம் அலைவரிசையில் கேட்கலாம், பேசக் கூடாது. லைசென்ஸ் இல்லாதவன் பேசுகிற பட்டனை அமுக்கினால் சட்டப்படி குற்றம், கடை லைசென்ஸும் போகும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் விளையாடினதே இல்லை. எனக்குத் தெரிந்த எல்லா விதியும் ஒரு பக்கம் நின்றது. பச்சை விளக்கு மறுபடி எரிந்தது.

அமுக்கினேன். சிவப்பு எரிந்தது. வாயில் வந்தது "மேடம், மேடம்!" மட்டும்தான்.

"இந்த அலைவரிசையில பேசறது யாரு? கால்சைன் சொல்லுங்க," என்றார் டீச்சர்.

"கால்சைன்லாம் இல்ல மேடம். நான் வந்து..."

"கால்சைன் இல்லைனா தயவுசெய்து விலகுங்க. இங்க அவசர வேலை நடக்குது. யாரும் குறுக்க பேசக் கூடாது. ஓவர்."

அவர் சொன்னது முழுக்க முழுக்கச் சரி. விதி அதுதான். அவசரத்தைச் சொல்ல வந்தவனை, அவசரம் நடக்கிறது, போ என்கிறார். என் வாழ்க்கையில் அவ்வளவு குழம்பி நின்றதில்லை. கையை எடுத்துவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போ என்றதும் போய்விட்டேன்.

சேவியர் குறுக்கே கையை நீட்டிச் சின்னப் பட்டனை அமுக்கினார். ரமேஷ் குரல்.

"கால்சைன் இல்லாதவரே, யாருங்க நீங்க? எனக்குக் கேட்டுச்சு. போயிடாதீங்க. நீங்க பேசினா அவங்க பதில் சொல்றாங்க. எனக்குத்தான் சொல்ல மாட்றாங்க. எனக்காகச் சொல்லுங்க, ப்ளீஸ்."

மறுபடி அமுக்கினேன். "மேடம், கடையிலேருந்து பேசறேன், செட்டுக்கு டோன் போட்டுக் குடுத்தேனே, அவன். பேசற பட்டனுக்குக் கீழ ஒரு சின்னப் பட்டன் கீது. அத அமுக்கிப் பிடிங்க."

"நீங்களா?" குரலில் அந்தக் கணக்கு டீச்சர் பார்வை அப்படியே தெரிந்தது. "தம்பி, இது விளையாடற நேரமில்ல. எப்பவும் கிண்டல்தான் உங்களுக்கு. இங்க உயிர் போற வேலை நடந்துகிட்டு இருக்கு."

அதுவரை பண்ணிய எல்லாக் கிண்டலும் ஒன்றாக வந்து என் முன்னால் நின்றது. எஃப்எம் பாட்டு முதற்கொண்டு. நான் உண்மையைச் சொன்னால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. ஒரு தடவைகூட அவரிடம் நான் அப்படிப் பேசினதில்லை.

என்ன செய்தேன் என்றால், பேரைச் சொன்னேன். அப்பா பேரோடு சேர்த்து முழுப் பேர். கடைப் பேர், கடை இருக்கிற தெரு. "எனக்கு லைசென்ஸ் இல்ல, பேசக் கூடாதுனு தெரியும், நீங்க யார்கிட்ட வேணா புகார் பண்ணுங்க மேடம். ஆனா அந்தப் பட்டன ஒரே ஒரு தடவ அமுக்குங்க. ரமேஷ் கூப்டுகினே கீறாரு. உங்களுக்குக் கேக்கல. ஓவர்" என்றேன். ஓவர் சொல்ல வேண்டும் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. விளையாடுகிறவன் பேர் சொல்ல மாட்டான் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

விளக்கு அணைந்தது. ஒன்றும் இல்லை. சேவியர் தன் சட்டைக்குள் கிடந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பச்சை எரிந்தது, சின்னப் பட்டனை அமுக்கினேன், ரமேஷ் பேசிக்கொண்டிருந்தார். அவர் முடித்ததும் டீச்சர் வந்தார். குரலே மாறியிருந்தது.

"ரமேஷ். எவ்வளவு நேரமா கூப்பிடற?"

"காலையிலேருந்து டீச்சர்."

அப்புறம் டீச்சர் தெரு பேர் கேட்டார், பக்கத்தில் அடையாளம் கேட்டார், எந்தப் பக்கம் படிக்கட்டு என்று கேட்டார். போட் கிளம்பிவிட்டது என்றார். எல்லா செட்காரர்களும் சின்னப் பட்டனை அமுக்கிக்கொண்டே இருக்கச் சொன்னார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. நானும் சேவியரும் மாறி மாறி அந்தப் பட்டனைப் பிடித்து உட்கார்ந்திருந்தோம், போட் வந்துவிட்டது என்று ரமேஷ் சொல்கிற வரைக்கும். பின்னால் அவர் மனைவி திட்டுவது கேட்டது. "அத கீழ வெச்சிட்டு என்னைப் பிடிங்க!"

ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்தது. என் பேர் வைப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். பெண் குழந்தை.

தண்ணீர் வடிந்த பிறகு டீச்சர் இன்னும் இரண்டு ஹாம்காரர்களோடு கடைக்கு வந்தார். முதலாளியும் இருந்தார். வந்தவர்களில் ஒருவர், உயிர் போகிற ஆபத்தில் யார் வேண்டுமானாலும் பேசலாம், இந்தப் பையனுக்கு மாலை போட வேண்டும் என்றார். இன்னொருவர், ஒருவனை விட்டால் நாளைக்கு ஊரே ஆபத்து என்று சொல்லிப் பேசும், புகார் எழுத வேண்டும் என்றார். இரண்டு பேரும் விதிப் புத்தகத்தைப் பற்றியே சண்டை போட்டார்கள். இரண்டு பேர் சொன்னதும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. முதலாளி நடுவில் நின்று, "கடைய மூட வெச்சிடுவான் சார் இவன், பேஜார் புடிச்சவன்" என்று ஒரு பக்கமும், "புள்ள நல்லா கீதா சார்?" என்று இன்னொரு பக்கமும் பேசிக்கொண்டிருந்தார்.

டீச்சர் ஐந்து செட்டையும் கவுண்டரில் வைத்து, மேசையில் கிடந்த ஆறாவதையும் அதோடு சேர்த்தார். "கேக்கறதுக்குப் போட்ட டோனை எடுத்துடுங்க."

"இரையும் மேடம்."

"இரையட்டும்."

எடுத்தேன். எடுத்துக்கொண்டிருக்கும்போது அவர் மெதுவாகச் சொன்னார். "நீங்க பேசினது தப்பு, தம்பி."

"தெரியும் மேடம்."

"நான் உங்களை விலகச் சொன்னது சரி."

"அதுவும் தெரியும் மேடம்."

"அப்ப எங்க தப்பாச்சு?" என்றார். என்னிடம் கேட்கவில்லை, செட்டைப் பார்த்துக் கேட்டார். முதல் தடவையாக எனக்கு ஒரு கிண்டலும் வரவில்லை. யாரும் புகார் எழுதவில்லை. மாலையும் போடவில்லை.

ஆகவே தம்பிகளே, எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அபார்ட்மெண்டுக்கு செட் போட்டால் காதை அடைத்துக் கொடுங்கள், அவர்களுக்கு வேண்டியது அதுதான். ஹாம்காரருக்குப் போட்டால், பேசுகிற பக்கம் டோன் இருந்தால் இருக்கட்டும், கேட்கிற பக்கம் போடாதீர்கள். முன்பின் தெரியாதவன் கூப்பிட்டாலும் காது கொடுப்பதுதான் அவர்கள் வழக்கம். அவர்களே வந்து, இரைச்சல் தாங்கவில்லை, அடைத்துக் கொடு என்று கேட்பார்கள். அப்போது உடனே கீபோர்டில் கை வைக்காமல், யார் உங்களைக் கூப்பிடக்கூடும், அவர் செட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு கேள்வி கேளுங்கள். செட் சும்மா இருக்கிறது என்று நம்பாதீர்கள். விளக்கைப் பாருங்கள். பச்சை எரிந்தால் யாரோ பேசுகிறார்கள். நமக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

லைசென்ஸ் இல்லாமல் பேசுகிற பட்டனை அமுக்கலாமா, கூடாதா என்பதை மட்டும் எழுத முடியவில்லை. மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அடித்துவிட்டேன். அமுக்கு என்று எழுதினால் முதலாளி என்னைத் தேடி லிஃப்ட் கம்பெனிக்கே வருவார். அமுக்காதே என்று எழுதினால் ரமேஷ் குரல் காதில் வருகிறது. கடைசியில் இது வரைக்கும் எழுதியதை சேவியருக்கு அனுப்பி, "புதுப் பசங்க இதே மாதிரி மாட்டிக்கினா இன்னா பண்ணணும்னு எழுதறது?" என்று கேட்டேன். அவர் அப்போது கல்யாண மண்டபத்துக்கு செட் எண்ணிக்கொண்டிருந்திருப்பார். ஒரே வரியில் பதில் வந்தது:

"மொதல்ல அமுக்கச் சொல்லு மச்சான், கொழப்பத்த அப்பால பாத்துக்கலாம்."